பத்து நிமிடத்தில் நின்றுபோகும் வேக்குவம் கிளீனர்

மோட்டார் எரிந்துவிடவில்லை, பயப்படாதீர்கள். பத்து நிமிடம் ஓடி நின்று, அரை மணி கழித்துத் தானே ஓடுகிறது என்றால், சூடு ஏறியதும் உள்ளே இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச் அணைக்கிறது. உறிஞ்சும் காற்றுதான் மோட்டாரையும் குளிர வைக்கிறது. அது எங்கோ அடைபட்டிருக்கிறது.

என் சந்தேகம் பை மேல்தான். தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீட்டிலும் இதே கதை. கடற்கரை மணலோடு வரும் நைசான தூசியும் கோலமாவும் பையின் துளைகளை அடைத்துவிடும். பை பாதிகூட நிரம்பியிருக்காது.

குழாயைக் கழற்றிவிட்டு, மெஷினின் வாயில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். இழுவை பலமாக இருந்தால் அடைப்பு குழாயில். எங்களுக்கு வளைவில் ஒரு ஹேர்பின் குறுக்கே நின்று, அதைச் சுற்றி முடி பந்தாகச் சுருண்டிருந்தது! பலவீனமாக இருந்தால் பையை மாற்றுங்கள், அப்புறம் மோட்டாருக்கு முன்னுள்ள ஃபில்டரைப் பாருங்கள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் எதையும் திறக்க வேண்டும். கழுவலாம் என்று போட்டிருக்கும் ஃபில்டரை மட்டும் கழுவி, நிழலில் 24 மணி நேரம் காய வையுங்கள். ஐப்பசி மழையில் அதுவும் போதாது. ஈரத்தோடு மாட்டினால் மோட்டார் போய்விடும்.

இவ்வளவுக்குப் பிறகும் நின்றால், அல்லது கருகல் வாடை வந்தால், மோட்டாருக்குள் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.