அமைச்சர் சொல்லும் பதிலை எழுதுவது யார்?

கேள்வி: பிரிட்டனில் கிருமி கலந்த ரத்தம் ஏற்றிய விவகாரத்தில் அமைச்சர்கள் நாடாளுமன்றத்தில் பல வருடம் தப்பான பதில் சொன்னார்களாமே, தெரிந்தே சொன்னதா? – வாசகி, பாளையங்கோட்டை

பதில்: கோட்டையில் சட்டமன்றக் கேள்விகளுக்குப் பதில் தயாரித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கேள்வி வந்ததும் போன தடவை என்ன பதில் கொடுத்தோம் என்றுதான் முதலில் தேடுவோம். அதையே தேதி மாற்றி வைத்தால் கோப்பு சிக்கலில்லாமல் மேலே போகும். புதிதாக எழுதினால் ஏன் என்று நாலு பேருக்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

லண்டனிலும் அந்தக் கதைதான். 1970களிலும் 80களிலும் ஹீமோபிலியா (ரத்தம் எளிதில் உறையாத நோய்) நோயாளிகளுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த ரத்தப் பொருள்களைக் கொடுத்தார்கள். சிறைக் கைதிகளிடம் எடுத்த பிளாஸ்மாவும் (ரத்தத்தின் நீர்ப்பகுதி) அதில் சேர்த்தி. அவற்றை நிறுத்தி வையுங்கள் என்று தொற்றுநோய்க் கண்காணிப்பு மையத்தின் இயக்குநர் கால்பிரெய்த் 1983 மே மாதமே சுகாதாரத் துறைக்கு எழுதிவிட்டார். ஆனால் அதே வருடம் நவம்பரில் அமைச்சர் கென்னத் கிளார்க் நாடாளுமன்றத்தில் தந்த பதில், ரத்தப் பொருள்கள் வழியாக எய்ட்ஸ் பரவுகிறது என்பதற்கு முடிவான ஆதாரம் இல்லை என்பது. பொய் என்று பிடிக்க முடியாது. கேட்டவர் ஆபத்தில்லை என்று நினைத்துக்கொள்வார். இப்படி எழுதுவது ஒரு கலை, பெருமைப்பட ஒன்றுமில்லை!

அப்புறம் பிரதமர் தாட்சர் காலத்தில் இன்னொரு வரி வந்தது: அன்றைய மருத்துவ அறிவுக்குக் கிடைத்த மிகச் சிறந்த சிகிச்சையைத்தான் தந்தோம் என்று. ஆட்சிகள் மாறியும் அந்த வரி மாறவில்லை. அதற்கு அடிப்படையே இல்லை என்று 2024 மே 20 அன்று, இந்த விவகாரத்தை விசாரித்த முன்னாள் நீதிபதி லாங்ஸ்டாஃபின் அறிக்கை சொன்னது. தொற்றுக்கு ஆளானவர்கள் 30,000க்கும் மேல். இறந்தவர்கள் சுமார் 3,000.

எழுதிக் கொடுத்ததைப் படித்தேன் என்று அமைச்சர் தப்பிக்க முடியாது. இதற்கு ஆதாரம் எந்தத் தாளில் இருக்கிறது என்று ஒருவராவது கேட்டிருக்கலாம்.

கேள்வி: அறிக்கை வந்த பிறகு நாடாளுமன்றத்துக்கு என்ன வேலை? – வாசகர், தருமபுரி

பதில்: பிரிட்டனின் 2005 விசாரணைகள் சட்டப்படி அறிக்கையைச் சபையில் வைக்க வேண்டும். பரிந்துரைகளுக்கு அரசு பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இல்லை. அதனால்தான் லாங்ஸ்டாஃப் தன் அறிக்கையிலேயே 12 மாதக் கெடு வைத்தார். 2024 செப்டம்பரில் பிரபுக்கள் சபை (மேலவை) குழு ஒன்றும், எல்லா விசாரணைகளின் பரிந்துரைகளையும் கவனிக்க இரு சபைக்கும் பொதுவான குழு வேண்டும் என்றது. நம் நாட்டின் 1952 விசாரணை ஆணையச் சட்டம் இந்த விஷயத்தில் பரவாயில்லை: ஆறு மாதத்துக்குள் அறிக்கையையும் எடுத்த நடவடிக்கை பற்றிய குறிப்பையும் சபையில் வைக்கச் சொல்கிறது. அந்தக் குறிப்பையும் என்னைப் போன்ற ஒருவர்தான் எழுதுவார், அது வேறு விஷயம்.

குழு அமைத்தாலும் ஒரு தடை உண்டு. பிரிட்டனில் அதிகாரிகள் நாடாளுமன்றக் குழு முன் வந்தால் அமைச்சர் சார்பில்தான் பேசுவார்கள். அமைச்சருக்குத் தாங்கள் சொன்ன யோசனையை வெளியில் விடமாட்டார்கள். ஆனால் ஆவணங்களைக் கட்டாயமாக வரவழைக்கும் அதிகாரம் லாங்ஸ்டாஃப் நடத்தியது போன்ற சட்டப்படியான விசாரணைக்கு இருக்கிறது. 1983 கோப்புகளை அதனால்தான் பிரித்துப் பார்க்க முடிந்தது.