எம்மெட் டில்லின் படம் – கடிதம்

வணக்கம் சார்,

ஒன்பதாம் வகுப்பில் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சிவில் உரிமைப் போராட்டம் பற்றி ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்த ரோசா பார்க்ஸின் கால்வலியில் தொடங்கலாம் என்றுதான் இருந்தேன். படிக்கப் படிக்க, கொலையுண்ட கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில் குறுக்கே வந்து நின்றுவிட்டான். சவப்பெட்டியில் அவன் முகத்தைப் பார்த்த இரவு தூக்கமில்லை. 14 வயதுப் பிள்ளைகளுக்கு அதைக் காட்டலாமா? காட்டாவிட்டால் மழுப்புவது போல் ஆகாதா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள டீச்சர்,

படம் வேண்டாம். ஆனால் அது எப்படி வெளியே வந்தது என்பதைச் சொல்லுங்கள், பாடமே அதுதான்.

அவனுக்கும் வயது 14. 1955 ஆகஸ்ட்டில் சிகாகோவிலிருந்து மிசிசிப்பியின் மணி என்ற சிற்றூருக்கு, உறவினர் வீட்டுக்கு விடுமுறைக்குப் போனவன். கடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் வரம்பு மீறினான் என்று சொல்லி அவளுடைய கணவனும் கணவனின் அண்ணனும் ராத்திரியில் வந்து இழுத்துப் போனார்கள். மூன்று நாள் கழித்து ஆற்றில் உடல் கிடைத்தது, கழுத்தில் முள்கம்பியால் கட்டிய இரும்பு விசிறியோடு, பருத்தி ஜின்னிங்கில் இருக்குமே, அது. அங்கேயே அவசரமாகப் புதைக்கப் பார்த்தார்கள். அம்மா மேமி விடவில்லை. உடலைச் சிகாகோவுக்கு வரவழைத்து, பெட்டியைத் திறந்தே வைத்தார். பல்லாயிரம் பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள், கறுப்பினத்தவருக்கான ஜெட் பத்திரிகை படத்தைப் போட்டது. இந்த இடத்தில் நிறுத்தி, ஏன் மூடவில்லை என்று பிள்ளைகளிடமே கேளுங்கள்.

அப்புறம் மோஸஸ் ரைட். பையனுடைய பாட்டியின் சகோதரி கணவர், குத்தகைக்குப் பருத்தி போட்டவர். நீதிமன்றத்தில் எழுந்து நின்று, கூட்டிப் போனவர்களை விரல் நீட்டிக் காட்டினார். அந்த ஊரில் ஒரு கறுப்பர் அப்படிச் செய்தால் உயிர் தங்காது. விளைச்சலை விட்டுவிட்டுச் சிகாகோவுக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. ஜூரிகள் 12 பேரும் வெள்ளைக்கார ஆண்கள், 67 நிமிடத்தில் அந்த இருவருக்கும் விடுதலை. ஒரே குற்றத்துக்கு மறுபடி வழக்குப் போட முடியாது என்ற தைரியத்தில், சில மாதத்தில் இருவரும் காசு வாங்கிக்கொண்டு ஒரு பத்திரிகையிடம் கொன்றதை ஒப்புக்கொண்டார்கள். எனக்கு விடுதலையைவிட அந்தக் காசுதான் வயிற்றெரிச்சல்.

சரி, ரோசா பார்க்ஸ். கால்வலியால்தான் அவர் பஸ்ஸில் எழவில்லை என்ற கதையைத் தூக்கிப் போடுங்கள். 42 வயது, அலபாமா மாநிலத்து மான்ட்கோமரியில் கறுப்பினத்தவர் உரிமைச் சங்கத்தில் பல வருடம் செயலாளர். அதே வருடம் நவம்பர் 27 அன்று மார்ட்டின் லூதர் கிங் பாதிரியாராக இருந்த தேவாலயத்தில் டில் கொலை பற்றிக் கூட்டம் நடந்தபோது அவரும் அங்கே இருந்தார். நான்கு நாள் கழித்துத்தான் பஸ்ஸில் எழ மறுத்தது.

படத்தை நீங்கள் காட்டாவிட்டாலும் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தேடத்தான் போகிறார்கள், போன் எல்லார் கையிலும் இருக்கிறது. பார்த்துவிட்டு வருபவர்கள் பேச, அடுத்த வகுப்பில் பத்து நிமிடம் காலியாக வையுங்கள்.