கன்று வீசிய மாடும் விடாத காய்ச்சலும்

கேள்வி: என் கலப்பின மாடு 7 மாதச் சினையில் கன்று வீசிவிட்டது. நஞ்சுக்கொடி விழாததால் கையை விட்டு எடுத்தேன். இப்போது 3 வாரமாகச் சாயங்காலம் ஆனால் காய்ச்சல், இடுப்பு வலி. டைபாய்டு மாத்திரைக்கும் கேட்கவில்லை. மாட்டைச் சந்தையில் தள்ளிவிடலாம் என்கிறார் தரகர். என்ன செய்வது? (வாழப்பாடி வாசகர்)

பதில்: முதலில் உங்கள் உடம்பு. டாக்டரிடம் "காய்ச்சல்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "மாடு கன்று வீசியது, நஞ்சுக்கொடியை வெறுங்கையில் எடுத்தேன்" என்று சொல்லுங்கள். அவராகக் கேட்க மாட்டார்; மாட்டுக்கு ஒரு துறை, மனிதனுக்கு ஒரு துறை, இரண்டும் பேசிக்கொள்வதில்லை. மாட்டைக் கன்று வீச வைத்து, மனிதனுக்கும் தொற்றிக் காய்ச்சல் தருகிற புரூசெல்லா என்ற கிருமிக்கான ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லுங்கள். இருப்பது உறுதியானால் பெரும்பாலும் டாக்ஸிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் சேர்த்து 6 வாரம் தருவார்கள். சில நாளில் காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்குத் திரும்ப வருவது அதிகம். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகக் கேட்டு வாங்கவும் வேண்டாம்.

அடுத்தது மாடு. எல்லாக் கன்று வீச்சும் இந்த நோயால் வருவதில்லை. கால்நடை மருத்துவரை வைத்து ரத்தம் எடுங்கள்; இல்லை என்று வந்தாலும் 3 வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். முடிவு தெரியும்வரை தனியாகக் கட்டுங்கள், காளைக்கு விடாதீர்கள். பாலைப் பொங்கக் காய்ச்சினால் கிருமி செத்துவிடும். பச்சைப் பால் யாருக்கும் வேண்டாம்.

"அடுத்த ஈத்துக்குச் சரியாகிடும்" என்பார் தரகர். பாதி உண்மை, அதுதான் அவர் முதலீடு. நோய் பிடித்த மாடு பெரும்பாலும் ஒரு தடவைதான் வீசும். அடுத்த கன்றை நிறைமாதத்தில் ஈனும். ஆனால் கிருமி மடியில் தங்கிப் பாலிலும், ஒவ்வொரு ஈத்தின் நீரிலும் வெளியே வரும். மால்டா தீவில் 1905-இல் தெமிஸ்டோக்லிஸ் ஸாமிட் என்ற டாக்டர் கண்டுபிடித்தது இதைத்தான்: பார்க்க நல்லாயிருந்த ஆடுகளின் ரத்தத்திலும் பாலிலும் கிருமி இருந்தது. வீரகனூர் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும்போது கன்று வீசிய கதையை எவர் சொல்வார்? வாங்கிப் போகிறவர் தொழுவத்தில் மற்றச் சினை மாடுகளும் வரிசையாக வீசும். விற்காதீர்கள். நாளை வாங்கப் போனாலும் "4 மாதச் சினை, கேரண்டி" என்ற பேச்சை நம்பாமல், ரத்தப் பரிசோதனை முடிந்தபின் பணம் கொடுங்கள்.

வீசிய கன்று, நஞ்சுக்கொடி இரண்டையும் 4 அடிக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். நஞ்சுக்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுகிற வழக்கம் இந்த விஷயத்தில் கூடவே கூடாது. சாக்கு கிழிந்து விழுந்தால் நாய் இழுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போகும். ஈரமான வைக்கோலை எருக்குழியில் கொட்டாமல் எரித்துவிடுங்கள். தொடும்போதெல்லாம் கையுறை.

தடுப்பூசி பற்றியும் கேட்பீர்கள். 4 முதல் 8 மாதத்துக்குள் இருக்கும் கிடேரிக் கன்றுக்கு மட்டும், ஆயுளுக்கு ஒரே தடவை. காளைக் கன்றுக்குக் கிடையாது. சினை மாட்டுக்குப் போடச் சொல்லிக் கெஞ்சாதீர்கள். உயிருள்ள கிருமி ஊசி, சினையே கலையலாம். போடுகிறவர் கையில் குத்தினால் அவருக்கும் ஆபத்து. போட்டதைக் காது வில்லையின் 12 இலக்க எண்ணோடு பதியச் சொல்லுங்கள். பின்னால் ரத்தப் பரிசோதனையில் நோய் இருப்பதுபோலக் காட்டினால் ஊசியாலா நோயாலா என்று பிரித்துப் பார்க்க அது வேண்டும். முகாம் தேதி கன்றின் வயதைக் கேட்டு வருவதில்லை. 5 மாதம் ஆனதும் நீங்களே கால்நடை மருந்தகத்தில் போய்க் கேளுங்கள், அல்லது கால்நடை உதவி எண் 1962-க்குப் போன் போடுங்கள்.