ஆறு கார்னர்பேக்குகளும் ஒரு வாத்தியாரும் – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

2016இல் மினசோட்டாவுக்கு வந்தேன். வீடு ஈகனில், வைக்கிங்ஸ் அணியின் பயிற்சி வளாகம் காரில் பத்து நிமிடம். முதல் ஆண்டு இந்த அமெரிக்கக் கால்பந்தை ‘முட்டிக்கொள்ளும் விளையாட்டு’ என்று ஒதுக்கி வைத்திருந்தேன். 2018 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸுக்கு எதிராகக் கடைசி நொடியில் ஸ்டெஃபான் டிக்ஸ் பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் டச்டவுன் போட்டபோது, பக்கத்து வீட்டுக்காரர் வெறும் காலோடு பனியில் இறங்கிக் கத்தினார். அன்று மாட்டிக்கொண்டேன், இன்னும் மீளவில்லை.

அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில் நாங்கள் இரண்டு கட்சி. 2013 முதல் 2022 வரையிலான பத்து டிராஃப்ட்களில், முதல் இரண்டு சுற்றுகளில் மட்டும் ஆறு கார்னர்பேக்குகளை எடுத்திருக்கிறோம்: ரோட்ஸ், வேய்ன்ஸ், அலெக்சாண்டர், ஹியூஸ், கிளாட்னி, பூத். ரோட்ஸைத் தவிர மற்ற ஐந்தும் வீண், இனி முதல் சுற்றில் கார்னர்பேக் பக்கமே போகக்கூடாது என்பது என் கட்சி. கார்னர்பேக் போதும் என்று எந்த அணியும் சொல்லக்கூடாது என்பது எதிர்க்கட்சி. ஹியூஸை 30ஆவதாக எடுத்தோம். இரண்டு இடம் தள்ளி, பின்னாளில் நட்சத்திரமான குவார்ட்டர்பேக் (பந்தை வீசுபவர்) லமார் ஜாக்சன் வேறு அணிக்குப் போனார். நினைத்தாலே வயிறு எரிகிறது.

உங்கள் பழைய பதிவுகளில் தேடியபோது, 2015இல் வேய்ன்ஸை ‘வீணடிக்கப்பட்ட தேர்வு’ என்று நீங்களே எழுதியிருப்பது கிடைத்தது. இன்றும் அதே கருத்துதானா? நீங்கள் எந்தக் கட்சி? ரோட்ஸின் 29ஆம் எண் சட்டை என்னிடம் இருக்கிறது. அதை இன்னும் போட்டுக்கொள்ளலாமா என்பது கூடுதல் கேள்வி.

அன்புடன்,
எஸ்., ஈகன்

அன்புள்ள எஸ்.,

பழைய பதிவைத் தோண்டி எடுத்து என் முன்னாலேயே வைத்துவிட்டீர்கள். இருக்கட்டும். வேய்ன்ஸைப் பற்றி அன்று எழுதியது தவறு. கோபத்தில் எழுதினேன் என்று சமாளிக்கலாம், ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் இருந்தது அறியாமைதான்.

இந்த ஆட்டத்தைப் பார்க்காத வாசகர்களும் இங்கே உண்டு என்பதால் கொஞ்சம் விளக்கம். டிராஃப்ட் என்பது கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ஏப்ரல் மாதத் திருவிழா. 32 அணிகள், ஏழு சுற்றுகள், போன பருவத்தில் மோசமாக ஆடியவருக்கு முதல் வாய்ப்பு. முதல் சுற்றுத் தேர்வை தீபாவளி போனஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதற்குச் செலவழிப்பது என்று வீடே இரண்டாகும். கார்னர்பேக் என்பவர் களத்தின் ஓரத்தில் எதிரணி ரிசீவரோடு ஒட்டிக்கொண்டு ஓடி, வீசப்படும் பந்து அவர் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்பவர். கபடியிலும் கார்னர் உண்டு, ஆனால் அங்கே கைகோத்து நிற்கப் பக்கத்தில் ஆள் இருக்கிறது. இவருக்குப் பெரும்பாலும் இல்லை.

சோளக்கொல்லைக் காவல்காரனின் நிலைமைதான் இவருக்கும். கிளி வராத நாளில் பரணில் அவன் விழித்திருந்தானா தூங்கினானா என்று யாரும் கேட்பதில்லை. ஒரு நாள் கதிர் போனால் ஊரே வந்து நிற்கும். நன்றாக மறித்து நிற்கும் கார்னர்பேக் பக்கம் குவார்ட்டர்பேக் பந்தையே வீசமாட்டார். அதனால் அவர் தொலைக்காட்சியிலேயே வரமாட்டார். தோற்றால் மட்டும் மூன்று கோணங்களில் மெதுவாக ஓட்டிக் காட்டுவார்கள்.

அதோடு அவர் வேலையே தலைகீழானது. எங்கே திரும்பப் போகிறோம் என்பது ரிசீவருக்குத் தெரியும், இவருக்குத் தெரியாது. பின்னோக்கி ஓடிக்கொண்டே எதிராளியின் இடுப்பைப் பார்க்க வேண்டும். தோளும் தலையும் பொய் சொல்லும், இடுப்பு அவ்வளவாகச் சொல்லாது. எதிராளி திரும்பிய அரை நொடியில் தன் இடுப்பையும் திருப்பி முன்னோக்கி ஓட வேண்டும். ஒரு காலத்தில் பிட்ஸ்பர்க்கின் மெல் பிளவுன்ட் போன்றவர்கள் ரிசீவரை வழி நெடுக இடித்துத் தள்ளிக்கொண்டே போனார்கள். 1978இல் விதி மாறியது: ஐந்து கஜத்துக்கு அப்பால் மோதக்கூடாது. கல்லூரி ஆட்டத்தில் இவ்வளவு கறார் கிடையாது. ஆகவே கல்லூரியில் கையால் பிழைத்தவர் இங்கே வந்ததும் கையை மறக்க வேண்டும். கையில் டென்னிஸ் பந்தைக் கொடுத்து ஓடவிடும் பயிற்சியாளர்கள் உண்டு. பந்து இருந்தால் சட்டையைப் பிடிக்க முடியாதே. இந்த மறதி வர இரண்டு ஆண்டு, சிலருக்கு மூன்று ஆண்டு பிடிக்கிறது.

வேய்ன்ஸின் கதை இதுதான். 40 கஜத்தை 4.31 நொடியில் ஓடியவர், 11ஆவது தேர்வு. நம்மில் பாதிப் பேருக்கு அன்று வேண்டியிருந்தது, நம் குவார்ட்டர்பேக் டெடி பிரிட்ஜ்வாட்டரின் கல்லூரித் தோழரான ரிசீவர் டிவான்டே பார்க்கர். முதல் ஆண்டில் வேய்ன்ஸ் பெரும்பாலும் உட்கார்ந்திருந்தார். ஏழு இடம் தள்ளிப் போன மார்கஸ் பீட்டர்ஸ் அதே ஆண்டு எட்டு முறை பந்தைப் பறித்து, சிறந்த புதிய தடுப்பாட்டக்காரர் விருதை வாங்கினார். நான் பேனாவை எடுத்துவிட்டேன். பிறகு நடந்தது என்ன? 2017இல் வேய்ன்ஸ் ஒரு பக்கமும் ரோட்ஸ் மறு பக்கமும் நின்றார்கள். எதிரணிகளுக்கு மிகக் குறைந்த புள்ளிகளையும் கஜங்களையும் கொடுத்தது லீகிலேயே நம் தடுப்பாட்டம்தான். ஐந்து ஆண்டு உழைப்பை வாங்கிக்கொண்டு, 2020இல் சின்சினாட்டி 4.2 கோடி டாலருக்கு மூன்றாண்டு ஒப்பந்தம் நீட்டியபோது அணி அவரை வழியனுப்பியது. அந்தப் பருவம் முழுவதும் அவர் காயத்தால் அங்கே ஆடவே இல்லை. கணக்குப் பார்த்தால் இது வீண் செலவு இல்லை. அதே 2015 டிராஃப்டில் கென்ட்ரிக்ஸ் 45ஆவது, டேனியல் ஹண்டர் 88ஆவது, உங்களை மாட்டவைத்த டிக்ஸ் 146ஆவது இடத்தில் கிடைத்தார்கள் என்பதையும் மேசையில் சொல்லுங்கள். பார்க்கர் வந்திருந்தால் ஐந்தாம் சுற்றில் இன்னொரு ரிசீவரான டிக்ஸை எடுத்திருப்பார்களா என்பது சந்தேகம்.

கிளாட்னியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெயரை ‘வீண்’ பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். 2020இல், கொரோனாவால் முன்பருவ ஆட்டம் ஒன்றுகூட நடக்காத ஆண்டில், நேராகக் களத்தில் இறக்கப்பட்டு 15 ஆட்டங்களில் முதல் அணியில் நின்றவர். அடுத்த ஆண்டு ஒரு வழக்கு, அணி விடுவித்தது, 2022 மார்ச்சில் நீதிமன்றம் குற்றமற்றவர் என்றது. அரிசோனா ஒப்பந்தம் கொடுத்தது. அந்த மே மாதம் 30ஆம் தேதி டாலஸில் கார் விபத்தில் இறந்துபோனார். வயது 25. 2024இல் நான்காம் சுற்றில் எடுத்த கைரீ ஜாக்சனும் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் அந்த ஜூலையில் கார் விபத்திலேயே போனார். நம் சாப்பாட்டு மேசைக் கணக்கில் இவர்களைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

இனி ஹியூஸ். 2018 டிராஃப்ட் இரவு புளூமிங்டனில் நண்பர் வீட்டு அடித்தளத்தில் பதினொரு பேர் உட்கார்ந்திருந்தோம். பெயரை வாசித்ததும் நண்பர் மிளகாய் பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, “இன்னொன்றா?” என்று மட்டும் கேட்டார். லமார் பெயரை அன்று அந்த அறையில் ஒருவரும் சொல்லவில்லை, எஸ். ஒரு மாதம் முன்புதான் குவார்ட்டர்பேக் கிர்க் கசின்ஸுக்கு 8.4 கோடி டாலரை முழு உத்தரவாதத்தோடு கொடுத்திருந்தோம். ஜாக்சனைப் பற்றிய வயிற்றெரிச்சல் எல்லாம் பிற்பாடு முளைத்தது. என்னுடையதும்தான்.

நண்பரின் ‘இன்னொன்றா’ வேறு விஷயம். அதற்கு மூன்று மாதம் முன் பிலடெல்பியாவில் 38-7 என்று உதைபட்டுத் திரும்பியிருந்தோம். அந்த ஆட்டம் எங்கே திரும்பியது என்று நினைவிருக்கிறதா? வீசப் போன நம் குவார்ட்டர்பேக் கேஸ் கீனமின் கையை எதிரணியின் கிறிஸ் லாங் தட்டினார். பந்து தள்ளாடி விழுந்ததைப் பாட்ரிக் ராபின்சன் பிடித்து 50 கஜம் ஓடினார். குவார்ட்டர்பேக்கைக் காக்கும் நம் முன்வரிசை ஒருவரை மறிக்க முடியாததால் வந்த வினை. அந்த வசந்தத்தில் அந்த முன்வரிசையின் வலது கார்டு ஜோ பெர்கர் ஓய்வும் பெற்றுவிட்டார். கூரையில் ஓட்டை, நாம் கடைக்குப் போய் வாங்கி வந்தது நான்காவது பூட்டு. ரோட்ஸ், வேய்ன்ஸ், அலெக்சாண்டர் என்று மூன்று பூட்டுகள் ஏற்கெனவே கதவில் தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டாம் சுற்றில் பிரையன் ஓ’நீலை எடுத்து அதே வரிசையின் வலது டேக்கிள் இடத்தை அடைத்தார்கள், அதைச் சொல்லாவிட்டால் அநியாயம். கார்டு ஓட்டை அப்படியே ஒழுகியது. ஹியூஸ் தன் முதல் ஆட்டத்திலேயே சான் பிரான்சிஸ்கோவின் பந்தைப் பறித்து 28 கஜம் ஓடி டச்டவுன் போட்டார்; நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். அக்டோபர் 14 அன்று முழங்கால் தசைநார் அறுந்தது. பிறகு கழுத்து. அது அவர் குற்றமும் இல்லை, எடுத்தவர் குற்றமும் இல்லை. எடுத்தவர் குற்றம் நான்காவது பூட்டு.

(பாட்ரிக் ராபின்சனும் முதல் சுற்றுக் கார்னர்பேக்தான். 2010இல் நியூ ஆர்லியன்ஸ் 32ஆவதாக எடுத்தது. அங்கே பேரெடுக்காமல், இரண்டு ஊர் மாறி, பிலடெல்பியாவுக்கு வந்து சேர்ந்தவர். நம்மிடம் இருந்திருந்தால் உங்கள் மேசை அவரையும் ‘வீண்’ என்று எழுதி வைத்திருக்கும்.)

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். இரண்டு கட்சியும் பேசாத ஓர் ஆள் இருக்கிறார்: மைக் ஸிம்மர். 2014 முதல் 2021 வரை தலைமைப் பயிற்சியாளர். கார்னர்பேக்குகளை வளர்ப்பதில் அவர் காலத்தில் அவருக்கு நிகராகச் சிலரைத்தான் சொல்ல முடியும். சின்சினாட்டி வேண்டாம் என்று விட்ட டெரன்ஸ் நியூமனை 2015இல் கூட்டி வந்து, 37 வயதில் முதல் அணியில் நிறுத்தினார். ஏழாம் சுற்றில் எடுக்கப்பட்ட, குள்ளமான கேப்டன் மன்னர்லினை வைத்து ஆண்டுக்கணக்கில் ஒப்பேற்றினார். ரோட்ஸ் அவருக்கு முன்பே வந்தவர். ஆனால் அரங்கில் ‘ரோட்ஸ் குளோஸ்டு’ என்று, பெயரையே சாலையாக்கி அடைத்த அட்டைகளை ரசிகர்கள் தூக்கிப் பிடித்தது ஸிம்மர் கைக்கு அவர் போன பிறகுதான்.

சரி, இப்படி ஒரு வாத்தியார் இருக்கும்போது, முதல் மதிப்பெண் மாணவர்களையே ஏன் அவர் வகுப்புக்குத் தேடித் தேடிக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்? மூன்றாம் சுற்று, ஐந்தாம் சுற்றுப் பையன்களைக் கொடுத்திருந்தால் அவரே தேற்றியிருப்பார். அவரால் கற்றுத்தர முடியாத இடங்களுக்கு, தாக்கும் பக்கத்து வரிசைக்கு, போனஸைச் செலவழித்திருக்கலாம். பொது மேலாளர் ரிக் ஸ்பீல்மன் நேர்மாறாகச் செய்தார். சமையலில் கெட்டிக்காரர் என்பதற்காக அவர் வீட்டுக்கே காய்கறி வாங்கிக் குவித்தார்கள்.

சியாட்டில் என்ன செய்தது என்று பாருங்கள். பீட் கரோல் 2011இல் ரிச்சர்ட் ஷெர்மனை ஐந்தாம் சுற்றில் 154ஆவதாக எடுத்தார். பைரன் மேக்ஸ்வெல் ஆறாம் சுற்று. பிராண்டன் பிரவுனரைக் கனடா லீகிலிருந்து கூட்டி வந்தார். முதல் சுற்றை ஏர்ல் தாமஸுக்குச் செலவழித்தார், அவர் சேஃப்டி, அதாவது எல்லோருக்கும் பின்னால் நின்று காப்பவர், கார்னர்பேக் அல்ல. 2014 பிப்ரவரியில் டென்வரை 43-8 என்று நசுக்கிக் கோப்பையைத் தூக்கினார்கள். இதில் நம் ஊருக்கு ஓர் உறுத்தல் உண்டு: கரோல் 1985 முதல் 1989 வரை வைக்கிங்ஸின் பின்வரிசைப் பயிற்சியாளராக இங்கேதான் இருந்தார். ஷெர்மன் மாதிரி ஐந்தாம் சுற்றில் எல்லா ஆண்டும் கிடைக்கமாட்டார் என்று உங்கள் எதிர்க்கட்சி சொல்லும். உண்மைதான். ஆனால் ஸிம்மர் மாதிரி வாத்தியாரும் எல்லா ஆண்டும் கிடைக்கமாட்டார்.

2020இல் இதற்கு விலை கொடுத்தோம். ரோட்ஸ், வேய்ன்ஸ், அலெக்சாண்டர் மூவரும் ஒரே வசந்தத்தில் போனார்கள். 2017இல் 7 கோடி டாலருக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் எழுதிய ரோட்ஸின் கால்கள் இரண்டே ஆண்டில் கனத்துவிட்டன. வேடிக்கை, அவர் தடுமாறிய 2019இலும் நட்சத்திர ஆட்டத்துக்கு அவரை அனுப்பினார்கள். பெயர் காலைவிட மெதுவாகத்தான் தேயும். 2020 கிறிஸ்துமஸ் அன்று நியூ ஆர்லியன்ஸின் ஆல்வின் கமாரா நம் மீது ஆறு டச்டவுன் ஓடினார். 52-33. ஆறும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடியவை. எந்தச் சுற்றுக் கார்னர்பேக் இருந்தாலும் அதை நிறுத்தியிருக்க முடியாது.

பூத் ஸிம்மர் போன பிறகு, 2022இல், புது நிர்வாகம் எடுத்தது. காயத்திலேயே கழிந்தது அவர் காலம். 2024இல் அவரை டாலஸுக்குக் கொடுத்து நாஷான் ரைட்டை வாங்கினோம், அவரையும் வைத்துக்கொள்ளாமல் விட்டோம். 2025இன் முதல் ஆட்டத்தில் சிகாகோ சட்டையோடு வந்து, நம் பந்தைப் பறித்து 74 கஜம் ஓடினாரே, அதே ரைட்தான். ஜெயித்துவிட்டோம், 27-24, அதனால் யாரும் பெரிதாகப் பேசவில்லை.

ஆகவே எந்தக் கட்சி என்று கேட்டால்: முதல் சுற்றில் கார்னர்பேக் எடுக்கலாம், கதவில் பூட்டே இல்லாதபோது. உங்கள் மேசை இதை இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளாது என்று தெரியும்.

சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். போட்டுக்கொண்டு ஓர் ஆட்டத்துக்கு நேரில் போங்கள், மேல் அடுக்கில் டிக்கெட் வாங்குங்கள், விலையும் குறைவு. தொலைக்காட்சிச் சட்டத்துக்குள் வராத ஆட்கள் அங்கிருந்துதான் தெரிவார்கள். முதல் கால் பகுதி முழுவதும் ஒரே ஒரு கார்னர்பேக்கை மட்டும் பாருங்கள். கண் பந்தின் பக்கம் போகும், இழுத்துப் பிடியுங்கள். அவர் பக்கம் எத்தனை முறை பந்து வரவில்லை என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.