ஆட்டிசம் குடும்பத்தில் தொடர்ந்து வருமா?

மகனுக்கு ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார்கள், அவன் அப்பாவும் அதிகம் பேசமாட்டார், எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்க வேண்டும் அவருக்கு, தொடர்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கலாம்.

1977இல் மனநல மருத்துவர்களான சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் பிரிட்டனில் 21 ஜோடி இரட்டையர்களை ஆராய்ந்தார்கள். ஒரே கரு பிரிந்து பிறந்த 11 ஜோடிகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம். தனித்தனிக் கருவில் உருவான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. சின்ன ஆய்வுதான். ஆனால் தாய் போதுமான பாசம் காட்டாததால்தான் ஆட்டிசம் வருகிறது என்று பழிபோட்ட அந்தக்கால அபத்தத்தை அது நன்றாகவே ஆட்டிவிட்டது. இன்னொன்றும் தெரிந்தது: ஒரே கரு பிரிந்து பிறந்த ஜோடிகளில் ஆட்டிசம் இல்லாத மற்றவரில் பலருக்கும் பேச்சுத் தாமதம் போன்ற சிக்கல்கள் இருந்தன. பெற்றோரிடமும் கூடப்பிறந்தவர்களிடமும் இப்படி லேசான சாயல்கள் தென்படுவதைப் பின்னால் வந்த ஆய்வுகளும் காட்டின.

இதற்கென்று ஒற்றை மரபணு கிடையாது. நூற்றுக்கணக்கானவை சேர்ந்து வேலை செய்கின்றன. சில மாற்றங்கள் குழந்தையிடம்தான் முதன்முதலாகத் தோன்றும். அதனால் குடும்பத்தில் யாருக்குமே இல்லாமலும் வரலாம்.

அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. தம்பியோ தங்கையோ இருந்தால் குழந்தை மருத்துவரிடம் சீக்கிரமே வளர்ச்சியைப் பார்க்கச் சொல்லுங்கள். கணவருக்கு அவர் சுபாவத்தால் சிரமம் இல்லையென்றால், அவரைப் பரிசோதனைக்கு இழுக்க வேண்டாம்.