ஆணியின் உள்ளும் புறமும்

அன்புள்ள ஐயா,

காந்தம் பற்றிய கட்டுரையில், ‘இரும்பு 770 டிகிரி செல்சியஸில் விளக்கை அணைத்ததுபோல் காந்தத்தன்மையை இழக்கிறது’ என்று எழுதியிருந்தீர்கள். நான் மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். “பனிக்கட்டி வெளியிலிருந்துதானே உருகுகிறது? ஆணியிலும் மேற்பரப்புதான் முதலில் காந்தத்தை இழக்குமா?” என்று ஒரு மாணவி கேட்டாள். மேற்பரப்பு அணுக்களுக்கு அண்டை அணுக்கள் குறைவு என்பதால் ‘ஆம்’ என்று சொல்லிவிட்டேன். சரிதானா? ஆணியைச் சூடாக்கிக் காட்டவும் எண்ணம்.

க.

அன்புள்ள க.,

விளக்கு உவமை என் தவறு. காந்தமாக்கம், அதாவது அணுக்காந்தங்கள் ஒரே திசையில் அணிவகுத்திருக்கும் அளவு, ஒரே நொடியில் அணைவதில்லை. 770-ஐ நெருங்க நெருங்கத் தேய்ந்து, அங்கே பூச்சியமாகிறது. பனிக்கட்டி உருகுவது வேறு வகை மாற்றம். மாணவியைத் திசைதிருப்பியதில் என் உவமைக்கும் பங்குண்டு.

உங்கள் பதில் பாதி சரி. இரும்பைப் போலவே காந்தமாகும் நிக்கலை எடுத்துக்கொள்வோம். அதன் உள்ளே ஓர் அணுவுக்கு 12 அண்டை அணுக்கள்; கனசதுர முகமாக வெட்டிய மேற்பரப்பில் 8 மட்டுமே. தெருக்கோடி வீடு போலத்தான். ஆனாலும் மேற்பரப்பு முந்திக்கொண்டு காந்தத்தை இழப்பதில்லை. உள்ளே இருக்கும் அணுக்கள் ஒரு திசையில் அணிவகுத்து நிற்கும்வரை, அவற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேலடுக்கையும் அதே திசைக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். உள்ளே ஒழுங்கு போனதும், தனித்து நிற்கத் தெம்பில்லாத மேலடுக்கும் விழுகிறது. இரண்டுக்கும் ஒரே கியூரி வெப்பநிலைதான் (காந்த ஒழுங்கு மறையும் வெப்பநிலை; இரும்புக்கு அந்த 770). வேறுபடுவது விழும் விதம்.

நிக்கலில் இதை 1982-இல் அளந்தார்கள். சுழற்சி (ஒவ்வோர் எலக்ட்ரானையும் குட்டிக் காந்தமாக்கும் ‘ஸ்பின்’) ஒருபக்கம் சாய்ந்த, ஆற்றல் குறைந்த எலக்ட்ரான்களை அதன்மேல் எறிந்தார்கள். அவை சில அணு அடுக்குகளுக்கு மேல் உள்ளே போகாதவை. கியூரி வெப்பநிலைக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்பதன் அடுக்காகக் (x²-இல் வரும் 2 போன்ற கணித அடுக்கு) காந்தமாக்கம் குறைகிறது. உள்ளே அந்த அடுக்குக்குறி 0.36-ஐ ஒட்டியது, மேற்பரப்பில் 0.8-ஐ ஒட்டியது. கணக்குப் போட்டுக் காட்டுங்கள்: தூரம் நூற்றில் ஒரு பங்காகச் சுருங்கும்போது உள்காந்தமாக்கம் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றாகிறது, மேற்பரப்பினுடையது நாற்பதில் ஒன்று. கியூரி வெப்பநிலையை நெருங்கும்போது ‘மேற்பரப்பு’ என்பதும் ஓர் அணு அடுக்கோடு நிற்பதில்லை. ஓர் அணுக்காந்தம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதன் பாதிப்பு எட்டும் தொலைவு அப்போது நீண்டுகொண்டே போகிறது. விளிம்பின் பலவீனமும் அத்தனை ஆழம் இறங்குகிறது.

இதையெல்லாம் தலைகீழாக்கவும் வழி உண்டு. மேலடுக்கு அணுக்கள் தங்களுக்குள் உள்ளே இருப்பவற்றைவிட வலுவாகப் பிணைந்திருந்தால், உள் ஒழுங்கு போன பிறகும் மேற்பரப்பு காந்தமாக நீடிக்கலாம். எளிய கனசதுர ஐசிங் மாதிரியில் (ஒவ்வோர் அணுவும் மேல் அல்லது கீழ் என இரண்டே திசைகளில் நிற்கும் எளிய கணித மாதிரி) அந்தப் பிணைப்பு சுமார் ஒன்றரை மடங்கைத் தாண்ட வேண்டும் என்று கணினிக் கணக்குகள் காட்டின. காடோலினியம் என்ற காந்த உலோகத்தில் அப்படி நடப்பதாக 1985-இல் ஓர் அறிவிப்பு வந்தது. அதன் கியூரி வெப்பநிலை சுமார் 20 டிகிரி செல்சியஸ். மேற்பரப்போ அதற்கு மேலும் 22 டிகிரிவரை தாக்குப்பிடித்ததாம். பின்னால் வந்த சில சோதனைகள் இதை ஏற்கவில்லை. எனக்கு இந்த வழக்கு பிடிக்கும். கணக்கு அனுமதிப்பதை ஓர் உலோகம் செய்துதான் ஆக வேண்டும் என்று கட்டாயமில்லையே.

ஆணிக்கு வருவோம். காற்றில் பழுக்கக் காய்ச்சிய இரும்பின் மேற்பரப்பில் இருப்பது ஆக்சைடு. நிஜ மேற்பரப்பை அளக்க மிகை வெற்றிடம் வேண்டும், வகுப்பறையில் நடக்காது. கியூரி வெப்பநிலையை மட்டும் காட்டலாம். அதற்கும் இரும்பைவிட நிக்கல் கம்பி வசதி, 354 டிகிரியே போதும். மெல்லிய செப்புக் கம்பியில் அதைத் தொங்கவிட்டு, ஒரு பக்கம் காந்தத்தை வைத்து இழுக்கவிடுங்கள். காந்தத்தில் சுடர் படாமல் கம்பியை மட்டும் சுட்டால் விலகித் தொங்கும். ஆறியதும் தானே திரும்பி வரும்.