இராம நாடகக் கீர்த்தனை: பழைய பதிப்பின் இராகமா, கச்சேரி இராகமா?

இராமாயணக் கதையைப் பாடல்களாகச் சொல்லும் அருணாசலக் கவிராயரின் இசை நாடகமான இராம நாடகக் கீர்த்தனையைச் சிங்கப்பூரில் பாடவிருக்கும் நீங்கள், பழைய பதிப்பில் உள்ள இராகமும் இன்று கச்சேரியில் பாடப்படும் இராகமும் வேறுபட்டால் எதைக் கொள்வது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பாடகர்கள் அறிந்த கச்சேரி இராகத்தையே வைத்துக்கொள்ளுங்கள். பழைய பதிப்பின் தலைப்பில் வேறு இராகம் இருப்பதற்காக மாற்ற வேண்டியதில்லை. ஆனால் சரணங்களை (பல்லவி, அனுபல்லவிக்குப் பின் வரும் பாடல் பகுதிகளை) மட்டும் நூலில் உள்ளபடி முழுமையாக எடுங்கள்.

அருணாசலக் கவிராயரின் (1711–1779) மெட்டுகள் வாய்வழியாகவே வந்தவை என்பதும், பழைய பதிப்புகள் சுரக்குறிப்பின்றி இராகத்தையும் தாளத்தையும் மட்டும் தந்தன என்பதுமே இந்த முரண்பாட்டுக்குக் காரணமாக இருக்கலாம். முதலில் சாவேரியில் அமைந்ததாகச் சொல்லப்படும் 'யாரோ இவர் யாரோ' இன்று பைரவியில்தான் நிலைத்திருக்கிறது. அதைக் கேட்டுப் பழகிய சிங்கப்பூர் அவையிடமிருந்து அந்தப் பைரவியைப் பறிப்பது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை.

ஒத்திகையில் ஒன்றைச் சோதியுங்கள். கச்சேரியில் பெரும்பாலும் விடுபடும் பிந்தைய சரணங்களை, தாளம் போட்டபடி அதே மெட்டில் பாடச் சொல்லுங்கள். சொற்கள் ஆவர்த்தனத்துக்குள் (தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்குள்) அடங்காமல் நெருக்கினால், அந்த மெட்டு ஒரே சரணத்துக்காகச் செதுக்கப்பட்டது என்று கொண்டு, அவ்விடத்தில் மட்டும் மெட்டை எளிமையாக்குங்கள். கதை நகர்வது சரணங்களில்தான் என்பதால் அவற்றை வெட்டிவிடாதீர்கள்.

கவிராயரின் பாடல் வரிகளுக்குக் காப்புரிமை இல்லை. எனினும் அண்மைக்காலத்தவர் எழுதிய சுரக்குறிப்புக்கு இருக்கக்கூடும். சிங்கப்பூர்ச் சட்டத்தில் பொதுவாக ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் வரை அது நீடிப்பதால், அச்சிட்ட சுரங்களைப் பயன்படுத்துமுன் அனுமதி பெறுங்கள்.